இருநூறு மூச்சு

1964 ஜூலை 6, திங்கள்

நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷமாவது கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்திருந்தேன். இன்றைக்குப் புதுப் பாடம் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டாடிஸ்டிக்ஸ். புள்ளிவிவரம். பெயரைச் சொல்வதற்குள் பாதிப் பேருக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம் பார்த்து வகுப்பை வைத்திருக்கிறார்கள்.

பாடம் எடுப்பவர் சங்கரன் சார். முனிசிபாலிட்டி சுகாதார ஆபீசில் பிறப்பு இறப்பு எண்ணுகிற உத்தியோகம், வீடு மாதுங்காவில். ஒழுகுகிற குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, முதல் காரியமாக ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம். இந்தப் பாடத்தைப் பற்றி மனதில் என்ன இருக்கிறதோ அதற்கு நேரே ஒரு குறி போட்டால் போதும். மிகவும் பிடிக்கிறது, பிடிக்கிறது, தெரியவில்லை, பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது. பின் பெஞ்சில் ஒருத்தி, "ஊசி போடத்தானே வந்தோம், கணக்குப் போடவா?" என்று முனகினாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் குறி போட்டது 'மிகவும் பிடிக்கிறது' என்பதில்.

காரணம் இருக்கிறது. காலையில் எங்கள் படிப்பைக் கவனிக்கும் சிஸ்டர் ட்யூட்டர் அறிவித்தார். எங்கள் பேட்சிலிருந்து ஒரே ஒருத்தியை டெல்லிக்கு அனுப்பப்போகிறார்களாம். ஒரு வருஷம் பொதுச் சுகாதாரப் படிப்பு, செலவெல்லாம் அவர்களே. வார்டு ரிப்போர்ட்டும் இந்தப் பாடத்து மார்க்கும் சேர்த்துப் பார்ப்பார்களாம். இரண்டு வருஷமாக வகுப்பில் முதல் ஆள் நான். அன்னமேரியை விட்டால் வேறு யார்?

ஜூலை 9, வியாழன்

காகிதங்களை எண்ணிக் கரும்பலகையில் எழுதினார். இருபத்தெட்டுப் பேர். பயம் - பத்தொன்பது. பிடிக்கவில்லை - ஐந்து. மிகவும் பிடிக்கிறது - மூன்று. தெரியவில்லை - ஒன்று.

"அந்த மூணு பேர்ல ரெண்டு பேராவது பொய் சொல்லிருக்கா" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது. பிறகு, 'தெரியவில்லை' போட்ட அந்த ஒருத்தி யார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார். பேராச்சி எழுந்து நின்றாள்.

"இன்னும் பாடமே நடக்கலியே சார். புடிக்குமா புடிக்காதான்னு இப்பமே எப்படிச் சொல்ல?"

வகுப்பு முழுக்க இங்கிலீஷ் போய்க்கொண்டிருக்கிறது, இவள் தமிழில் பேசுகிறாள். சார் கோபிக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, "பேஷ், இதான் சரியான பதில்" என்றார்.

பேராச்சி என் அறைக்காரி. தாராவி. அப்பா தோல் கிடங்கில் வேலை. முதல் வருஷம் வந்தபோது இவளுக்கு 'தெர்மாமீட்டர்' எழுதத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தைத் திருத்திக் கொடுத்தது யார்? நான். அந்த நன்றியெல்லாம் அவளுக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 13

இன்றும் அவளைத்தான் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

பூசை முடிந்து திலக் நகர் வீட்டுக்குப் போனேன். டெல்லி விஷயத்தை அம்மாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. 'ஒருவேளை' என்றுதான் சொன்னேன். நான் மீன் குழம்பில் கை நனைப்பதற்குள் அம்மா மாடிப்படி வரைக்கும் போய், "எங்க மேரி டெல்லிக்குப் போறா" என்று மூன்று குடும்பத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கீழ்வீட்டு ரோசம்மா அக்கா, டெல்லியில் குளிருக்குக் கம்பளிச் சட்டை வேண்டுமே என்று இப்போதே கவலைப்படுகிறாள்.

இனி எப்படிப் போகாமல் இருக்க முடியும்?

ஜூலை 30

மீன் என்கிற சராசரி, மீடியன், மோடு. மூன்றும் மூன்று விதமான நடுவாம். நடு என்றால் ஒன்றுதானே இருக்கவேண்டும்? சார் அரை மணி நேரம் விளக்கினார், ஒருத்திக்கும் ஏறவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் பேராச்சி கரண்டியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஹிந்தியும் தமிழும் கலந்த அவளுடைய தாராவிப் பாஷை. "கொழாயடி வரிசையில சரியா நடுவுல நிக்கவ யாரு, அவதான் மீடியன். மொத ஆளு பத்துக் குடம் வச்சிருக்கட்டும், நூறு குடம் வச்சிருக்கட்டும், நடுவுல நிக்கவ மாறமாட்டா. மீன் அப்படியில்ல. அந்த நூறு குடத்தையும் எல்லார் தலையிலயும் பங்கு வைக்கும். பாவம், ஒத்தக் குடத்துக்காரியும் பணக்காரி ஆயிருவா."

மேஜையே சிரித்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. தலைவலி என்று பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

பெரிய வேலை ஒன்று கொடுத்திருக்கிறார். ஒவ்வொருத்தியும் நோயாளிகள் இருநூறு பேருக்கு மூச்சு எண்ணவேண்டும். பழைய சார்ட்டைப் பார்த்து எழுதக்கூடாது. படுக்கையருகே நின்று, ஒருவருக்கு முழுதாக ஒரு நிமிஷம். பிறகு எந்த எண் எத்தனை தடவை வந்தது என்று கிராஃப் பேப்பரில் வரையவேண்டும். இதுதான் பாடத்தின் மொத்த மார்க்கும்.

இருநூறு நிமிஷம் என்றால் மூன்று மணி இருபது நிமிஷம். அதுவும் படுக்கை படுக்கையாக நடக்காமல், நடுவில் யாரும் பெட்பேன் கேட்காமல் இருந்தால். டியூட்டி நேரத்தில் முடியாது. ஓய்வு நேரத்தில்தான்.

வார்டில் யார் மூச்சு எண்ணுகிறார்கள்? சேர்ந்த முதல் மாதமே சீனியர் ஒருத்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். காய்ச்சல் பார், நாடியைப் பிடி, மூச்சு என்ற இடத்தில் இருபது என்று போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போ. மூச்சு வாங்குகிறவர் என்றால் இருபத்திநாலு. ரொம்ப ஒழுங்கானவர்கள் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவார்கள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் இருந்தால் வேறு எப்படி நடக்கும்? டாக்டர்களும் அந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை.

ஆகஸ்ட் 22

பேராச்சி ஓய்வு நேரம் முழுக்க வார்டிலேயே கிடக்கிறாள். நாடி பிடிப்பது போல நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுகிறாள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடுமாம். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு?

பெண்கள் வார்டில் பதினோராம் கட்டில் மீனாட்சியம்மாளுக்கு முப்பத்திநாலு வந்தது என்று ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டாளாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் நீர். சாயங்காலம் டாக்டர் எல்லோர் எதிரிலும் அவளைப் பாராட்டினார். அதே வார்டில் காலையிலிருந்து டியூட்டியில் இருந்தவள் நான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, சனி

செய்துவிட்டேன். ஒரே மத்தியானத்தில் இருநூறும் முடிந்தது.

பாடப்புத்தகத்தில் அழகான மலை மாதிரி ஒரு கோடு இருக்கிறது. நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிவு. அதைப் பார்த்துப் பார்த்து எண்களை எழுதினேன். இருபது அறுபத்திரண்டு பேருக்கு, பதினெட்டும் இருபத்திரண்டும் கொஞ்சம் குறைவாக, பதினாறும் இருபத்திநாலும் இன்னும் குறைவாக. நோயாளிகள் இப்படித்தான் இருப்பார்கள், மூன்று வருஷமாகப் பார்க்கிறேனே. வரைந்து முடித்தபோது புத்தகத்தில் இருப்பதைவிட லட்சணமாக இருந்தது.

கடைசிப் பத்து எழுதும்போது பேராச்சி உள்ளே வந்துவிட்டாள். என் பின்னால் நின்றாள். வார்டுக்கே போகாமல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று பார்த்தவுடனே தெரியும். துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

பாந்த்ரா மாதா திருவிழா. கூட்டம் நெரிந்தது. மெழுகில் கை, கால், வீடு, குழந்தை என்று வேண்டுதலுக்கு ஏற்ற மாதிரி விற்கிறார்கள். டெல்லிக்கு என்ன உருவம் வாங்குவது? சாதாரண மெழுகுவத்தியே ஏற்றினேன்.

எனக்கு மார்க் வரவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்ள வாயெடுத்தேன். அவளுக்கு வரக்கூடாது என்றுதான் முதலில் வந்தது. மாதா மன்னிக்கட்டும். ஆனால் வேண்டுதலை மாற்றவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

அவள் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஊசி குத்தி மாட்டியிருக்கிறார்!

அது படமா? பதினேழு, பத்தொன்பது, இருபத்திமூன்று என்று கன்னாபின்னா எண்கள். மலை ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு மேடு. நெஞ்சு நோய் உள்ளவர்கள் ஒரு கூட்டம், மற்றவர்கள் ஒரு கூட்டம், அதனால் இரண்டு மேடு என்று சார் உருகி உருகிச் சொல்கிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார். மார்க் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும்.

வயிறு எரிகிறது. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இங்கே எழுதாமல் எங்கே சொல்வேன்? அவள் பின்னல் நுனியைப் பார்த்தால்கூட எரிகிறது. தூங்கும்போது அவள் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்கு ஆகவில்லை.

செப்டம்பர் 18

சிஸ்டர் ட்யூட்டரிடம் போனேன். பேராச்சியின் எண்கள் கற்பனை என்று சொன்னேன். வேண்டுமானால் வார்டு சார்ட்டுகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், எந்த நர்ஸ் எந்த நாளில் இருபத்திமூன்று என்று எழுதியிருக்கிறாள் என்றேன்.

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

செப்டம்பர் 19, சனி

சிஸ்டர் சார்ட்டுகளை வரவழைத்தார். எல்லாம் இருபது, இருபது, இருபது. பேராச்சி எழுதியதற்கும் ஆஸ்பத்திரி எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்பத்திரி பொய் சொல்லுமா? திங்கட்கிழமை சங்கரன் சார் முன்னால் விசாரணை. நிரூபணமானால் டெல்லி மட்டுமில்லை, படிப்பே போகும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அவள் மெஸ்ஸுக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். "நான் எண்ணத்தானே செஞ்சேன் மேரி" என்று ஒரே தடவை சொன்னாள், என்னைப் பார்க்காமல். புகார் கொடுத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா?

செப்டம்பர் 21, திங்கள்

எல்லாத்தையும் எழுதிரணும்.

சிஸ்டர் ட்யூட்டர், சங்கரன் சார், அவள், நான். சார் சார்ட்டுகளைப் புரட்டினார். அவளுடைய தாளைப் பார்த்தார். அப்புறம் என்னுடையதை எடுத்து மேஜைமேல் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னமேரி, ஒவ்வொருத்தருக்கும் முழு நிமிஷம் எண்ணினியா?"

"ஆமா சார்."

"இருநூறு பேர்ல ஒருத்தர்கூட ஒற்றைப்படையா மூச்சு விடலையா அம்மா?"

ஐயோ. பதினாறு பதினெட்டு இருபது இருபத்திரண்டு - மூணு வருஷமா கண்ணு பாத்த நம்பர் எல்லாமே ரெட்டை. வேற நம்பர் ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தோணலையே! அவ்வளவு அழகா மலை வரைஞ்சேனே, ஒத்தப் பதினொம்பது போடத் தெரியலையே!

அதோடு விடவில்லை. எல்லோரையும் வார்டுக்கு அழைத்துப் போனார். கடிகாரத்தைச் சிஸ்டர் கையில் கொடுத்து, அவரையே எண்ணச் சொன்னார். ஐந்து கட்டில். சார்ட்டில் ஐந்தும் இருபது. சிஸ்டர் எண்ணியது பதினேழு, இருபத்தேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு, முப்பத்தொன்று. சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது.

திரும்பி வரும்போது சார் பேராச்சியிடம் கேட்டார். "நீ இவ ரூம்தானே? இவ எண்ணலைன்னு உனக்குத் தெரியுமோ?"

அவள் சொல்லியிருந்தால் அத்தோடு நான் தீர்ந்தேன். "தெரியாது சார்" என்றாள்.

செப்டம்பர் 22

ஏன் சொல்லவில்லை? பார்த்தாளே. பின்னால் நின்று பார்த்தாளே! அவள் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்திலும் சொல்லவில்லை. மார்க்கும் அவளுக்கு. பாராட்டும் அவளுக்கு. இப்போது நல்லவள் என்ற பட்டமும் அவளுக்கே. எனக்கென்று எதையாவது மிச்சம் வைத்தாளா?

செப்டம்பர் 26, சனி

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொறாமைப்பட்டேன் சாமி என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எத்தனை நாள், எவ்வளவு பொறாமை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரொம்ப மலிவாக முடிந்துவிட்டது.

அக்டோபர் 5, திங்கள்

டெல்லிக்கு நான்தான்.

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். டெல்லிக்கு நான்தான். நோட்டீஸ் போர்டில் என் பெயர்.

சிஸ்டர் ட்யூட்டர் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மூச்சுக் கணக்கு வெளியே போனால் ஆஸ்பத்திரியின் சார்ட்டுகள் எல்லாமே சந்தேகத்துக்கு வரும். ஆகவே அந்த வேலையை யாருக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம், தலைமை நர்ஸ் மேட்ரனுக்குக்கூடத் தெரியாது. வார்டு ரிப்போர்ட் மட்டும் பார்த்தார்களாம். அதில் நான் முதல். அவள் இரண்டாவது. சங்கரன் சார் சண்டை போட்டாராம், கேட்கவில்லையாம். "நீ வாயைத் திறக்காதே" என்றார் என்னிடம்.

அறைக்கு வந்தேன். பேராச்சி என் கையைப் பிடித்து, "நல்லாப் படிச்சிட்டு வா ஏளா" என்றாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

அக்டோபர் 9

அம்மா வந்திருந்தாள். ரோசம்மா அக்கா பின்னிய கம்பளிச் சட்டை. ஊதா நிறம். சரியாக இருந்தது.

அக்டோபர் 12, திங்கள்

பதினோராம் கட்டில் மீனாட்சியம்மாளை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவளுடைய பழைய சார்ட்டுகளைக் கோத்துக் கட்டும் வேலை என்னுடையது. ஆகஸ்ட் 22, காலை. மூச்சு இருபது. பக்கத்தில் என் எழுத்து, அ.மே. மூன்று மணி நேரம் கழித்து அதே தாளின் ஓரத்தில் பேராச்சியின் கோணல் எழுத்தில் முப்பத்திநாலு.

அந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. "நீதான் டெல்லிக்குப் போறியாமே தாயி, நல்லா இரு. என்னைய நல்லாத்தான் பாத்துக்கிட்ட" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேனாம்.

அக்டோபர் 15, வியாழன்

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். இருநூறும் என் கற்பனை, விசாரணை நடந்தது, பேராச்சியின் எண்கள் உண்மை, ஆகஸ்ட் 22ஆம் தேதி இருபது என்று எழுதியதும் நான்தான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மனசாட்சி என்று எழுதினால் அழகாக இருக்கும். பாதிதான் அது. மீதி என்னவென்றால், அவள் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு டெல்லியில் ஒரு வருஷம் என்னால் சோறு தின்ன முடியாது. அவள் மட்டும்தான் நல்லவளாக இருக்கவேண்டுமா?

சொன்னது நான் என்று அவளிடம் சொல்லவேண்டாம் என்று மேட்ரனைக் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்ததுமே, சொன்னால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

அக்டோபர் 19

ஆறு மாதம் கூடுதல் பயிற்சி எனக்கு. சிஸ்டர் ட்யூட்டர் என்னோடு பேசுவதில்லை. போர்டில் பெயர் மாறிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "மாடியில உள்ளவங்ககிட்ட என்னன்னு சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். கம்பளிச் சட்டையைப் பேராச்சியின் பெட்டியில் வைத்தேன். அவளுக்கு அது கொஞ்சம் பெரிது.

நவம்பர் 7, சனி

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ரயில் புறப்பட அரை மணி இருக்கும்போது என் கால் தானாக வி.டி. ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது.

தாராவியே வந்திருந்தது. அவள் தெருக்காரர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அவளுடைய அப்பா சலவை வேட்டியில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எவனோ அவள் கழுத்தில் சாமந்தி மாலை போட்டுவிட்டிருந்தான். எனக்கு இப்படி வந்திருப்பார்களா? அம்மா, ரோசம்மா அக்கா, அவ்வளவுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலருகே போனேன்.

"மேட்ரன்ட்ட நீயாத்தான் போய்ச் சொன்னியாமே. சங்கரன் சார் சொன்னாரு. ஏன் ஏளா?"

"உன்னயப் பாக்க முடியல, அதான்."

சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள். அவள் நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நல்லவேளை, அதற்குள் ரயில் நகர்ந்தது. எல்லோரும் கூடவே ஓடினார்கள். நான் ஓடவில்லை. கடைசிப் பெட்டியும் போய் வெறும் தண்டவாளம் தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விம்மி விம்மி, மூக்கில் தண்ணீர் வழிய, அடக்கவே முடியாமல். அந்த ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்திருக்கவேண்டும். அது என் ரயில்.

அவளுடைய அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாத தாயி. கூடப் பொறந்தவளுக்குக்கூட இப்படி யாரும் அழமாட்டாவ. ஒரு வருசந்தான, வந்துருவா."

நான் தலையை ஆட்டினேன்.